சட்டமில்லாத கண்ணாடி

1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கன்வர்ட்டிபிள் ஒன்றின் கதவைத் திறந்து, கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, அதன் மேல்விளிம்பை இரண்டு விரல்களால் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடும். அம்பாஸடரிலோ மாருதி 800இலோ இப்படி ஆட்ட முடியாது. அவற்றில் கண்ணாடியைச் சுற்றிக் கதவோடு சேர்ந்த இரும்புச் சட்டம் இருக்கிறது. கண்ணாடி எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைச் சட்டமே தீர்மானித்துவிடும். துணிக்கூரையைப் பின்னால் மடக்கிவைக்கும் காரில் அந்தச் சட்டம் இல்லை. கூரையைத் திறந்தபின் கதவுக்கு மேலே கம்பி வளைவு நீட்டிக்கொண்டிருந்தால் திறந்த கார் என்ற உணர்வே போய்விடும். ஆகவே கண்ணாடி கதவுக்குள் இருக்கும் கீழ்ப்பாதியில் மட்டும் பிடிமானத்தோடும், மேல்பாதியில் எந்தத் துணையும் இல்லாமலும் ஏறிவந்து, கூரை ஓரத்தில் இருக்கும் ரப்பர் பீடிங்கைத் தானே கண்டுபிடித்து அழுத்தி நிற்க வேண்டும்.

புதிய காரில் நிற்கும். அறுபது வயதான காரில் பெரும்பாலும் நிற்காது. மழையில் ஓட்டுநரின் தொடை நனையும், நெடுஞ்சாலையில் காதருகே விசில் கேட்கும், கதவை மூடும்போது கண்ணாடி கூரை ரப்பரைச் சுருட்டிக்கொண்டு போகும். சொந்தக்காரர் உதவி தேடிப் புறப்படுகிறார். தெரிந்த மெக்கானிக்கிடமும், அதே கார் வைத்திருக்கும் நண்பரிடமும் அவர் சொல்வது ஒரே வாக்கியம்: “கண்ணாடி சரியாக மூடவில்லை.” அந்த வாக்கியத்தில் எழுவாயே தவறு. கண்ணாடி கெடுவது அரிது. அதைத் தாங்கும் கதவு, கதவைத் தாங்கும் கீல், கீலைத் தாங்கும் உடற்கூடு, எதிரே காத்திருக்கும் கூரை ஆகிய நான்கும் இடம் மாறியதன் மொத்தக் கணக்குதான் கண்ணாடியின் மேல்விளிம்பில் வந்து தெரிகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுப்பவர், சரியாக இருந்த ஒன்றையும் சேர்த்துக் குலைத்துவிடுவார்.

ஆறு அசைவுகள்

விறைப்பான எந்தப் பொருளும் ஆறு விதமாகத்தான் அசைய முடியும். முன்பின்னாக, மேல்கீழாக, உள்வெளியாக மூன்று நகர்வுகள். அந்த மூன்று அச்சுகளையும் சுற்றி மூன்று சுழற்சிகள். ஏழாவது கிடையாது. 1876இல் லண்டனின் சவுத் கென்சிங்டனில் அறிவியல் கருவிகளுக்கென ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதன் கையேட்டுக்கு ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் எழுதிய கட்டுரையில் இந்த ஆறின் அடிப்படையில் ஒரு விதி வருகிறது. ஒரு பாகத்தை நிலையாக நிறுத்த ஆறு தாங்குபுள்ளிகள் போதும். குறைந்தால் பாகம் ஆடும், கூடினால் அதற்குள் தேவையற்ற இறுக்கம் ஏறும். நுண்ணிய அளவைக்கருவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி கார் கதவுக்கும் அப்படியே பொருந்துகிறது.

கதவுக் கண்ணாடிக்கு ஐந்து அசைவுகளைத் தடுத்து, மேலே ஏறி இறங்கும் ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். மஸ்டாங்கில் முன்பக்கத்து முக்கோணச் சிறுகண்ணாடியின் பின்கம்பி ஒரு தடமாக வேலை செய்கிறது. கதவின் பின்பகுதியில் உள்ளே மறைந்திருக்கும் வழிகாட்டிக் கம்பி இன்னொரு தடம். கண்ணாடியின் அடிவிளிம்பு ஓர் இரும்புச் சேனலுக்குள் ரப்பர் நாடாவோடு இறுக்கிப் பதிக்கப்பட்டிருக்கிறது. கத்தரிக்கோல்போல் விரியும் கைகள் கொண்ட மெஷின், அந்தச் சேனலைத் தாங்கித் தூக்குகிறது. இனி ஏறாதே என்று சொல்ல மேலே ஒரு தடுப்பு. இவை ஒவ்வொன்றும் நீளத்துளைகளில் போல்ட் போட்டு நிறுத்தப்பட்டவை. நீளத்துளை ஏன்? அச்சில் அழுத்தி, வெல்டு வைத்துச் சேர்த்த இரும்புக்கூடுகள் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை. சில மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தே தீரும். தொழிற்சாலையில் ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக இந்தக் கண்ணாடியை ஒருவர் பொருத்திச் சரிபார்த்துத்தான் அனுப்பினார்.

அவர் சரிபார்த்தவை நான்கு. கண்ணாடி எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறது என்பது ஒன்று. முன்னும் பின்னும் எங்கே நிற்கிறது என்பது இரண்டு. சுவரில் மாட்டிய படம் கோணலாகத் தொங்குவதுபோல் தன் தளத்துக்குள்ளேயே எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது மூன்று. மேல்விளிம்பு காருக்குள் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பது நான்கு.

இவற்றில் எளிதில் ஏமாற்றுவது நான்காவது. கதவின் மேல்விளிம்பில், கண்ணாடி வெளியே வரும் பிளவுக்குப் பக்கத்தில், அது ஏறக்குறைய ஒரு கீலில் இருப்பதுபோல் இருக்கிறது. அந்த இடத்திலிருந்து அடித்தடம் 30 சென்டிமீட்டர் கீழேயும், மேல்விளிம்பு 40 சென்டிமீட்டர் மேலேயும் இருப்பதாகக் கொள்வோம். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்கள் இங்கே கைகொடுக்கும். அடியை 3 மி.மீ. வெளியே தள்ளினால் மேல்விளிம்பு 4 மி.மீ. உள்ளே வரும். திசை தலைகீழ், அளவும் பெரிது. உள்ளே சரிய வேண்டிய கண்ணாடிக்காக அடியையும் உள்ளே இழுத்துவிட்டு, ஏன் நிலைமை மோசமாகிறது என்று குழம்பாதவர்கள் குறைவு.

கோணலும் அப்படித்தான். 75 சென்டிமீட்டர் நீளக் கண்ணாடி அரை டிகிரி சாய்ந்தால், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உயரத்தில் ஆறரை மி.மீ. வேறுபாடு. அரை டிகிரியைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஆறரை மில்லிமீட்டர் வழியாக மழை தாராளமாக வரும். வளைந்த கண்ணாடி உள்ள கார்களில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். தொடர் உற்பத்திக் கார்களில் அமெரிக்காவில் இதைக் கொண்டுவந்தது 1957ஆம் ஆண்டு இம்பீரியல் கார். வளைந்த கண்ணாடி வட்டத்தின் ஒரு வில்லில் பயணிப்பதால், உயரத்தை மாற்றினாலே உட்சரிவும் சேர்ந்து மாறும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும் இந்தப் பிணைப்பு இருப்பதால்தான், ஒரு நேரத்தில் ஒரே போல்ட்டைத் தளர்த்தி, ஒரே ஒரு மாற்றம் செய்து, நான்கையும் மறுபடி அளக்க வேண்டியிருக்கிறது.

கண்ணாடியையே கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்யலாமே என்று தோன்றலாம். கூடாது. பக்கக்கண்ணாடி பதப்படுத்தப்பட்ட கண்ணாடி. சூடாக இருக்கும்போதே மேற்பரப்பைக் காற்றால் வேகமாகக் குளிர்விப்பதால், வெளித்தோல் அமுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிரந்தரமாக உறைந்துவிடுகின்றன. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டுச் செய்யும் ‘ரூப்பர்ட் இளவரசர் துளி’களில் இருப்பதும் இதே இழுபறிதான். அந்தத் துளிகளை 1661இல் லண்டன் ராயல் சொசைட்டி ஆராய்ந்தது. துளியின் தலை சுத்தியல் அடியைத் தாங்கும், வாலை ஒடித்தால் மொத்தமும் பொடியாகும். பதப்படுத்திய தகட்டில் பலவீனமான இடம் விளிம்பு. அங்கே அரமோ வெறும் இரும்பு வாஷரோ பட்டு வெளித்தோலைத் தாண்டினால், கதவுக்குள் ஒரு கூடை கண்ணாடிக் கற்கள்தான் மிஞ்சும்.

காற்று இழுக்கிறது

நிறுத்திவைத்த காரில் ரப்பரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கண்ணாடி, ஓடும் காரில் ஏன் விலகுகிறது? காற்று வெளியிலிருந்து கண்ணாடியை உள்ளே தள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேரெதிர். முன்கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றித் திரும்பும் காற்று வேகமெடுக்கிறது. வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. கூரை மூடிய காருக்குள் அழுத்தம் அதைவிடக் கூடுதலாக இருப்பதால் கண்ணாடி வெளியே உறிஞ்சப்படுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு சுமார் 28 மீட்டர். காற்றின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 1.2 கிலோ. வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கிப் பாதியாக்கினால் வரும் அழுத்தம் ஏறத்தாழ 460 பாஸ்கல். பக்கக்கண்ணாடிமேல் அதில் பாதிக்குச் சற்று அதிகமான உறிஞ்சல் இருப்பதாக வைத்துக்கொண்டால், 0.35 சதுர மீட்டர் கண்ணாடியில் விழும் விசை ஏறக்குறைய 10 கிலோ எடைக்குச் சமம். சட்டமில்லாத ஒரு தகட்டின் மேல்விளிம்பை, பத்துக் கிலோ அரிசிப்பையின் கனம் வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும்.

அதனால்தான் கண்ணாடியை முன்கூட்டியே உட்பக்கம் சரித்து, ரப்பரைச் சில மில்லிமீட்டர் அமுக்கும்படி வைக்கிறார்கள். அந்த அமுக்கத்தின் சேமிப்பைத்தான் காற்று நெடுஞ்சாலையில் செலவழிக்கிறது. சேமிப்பு தீர்ந்த இடத்தில் மெல்லிய இடைவெளி பிறந்து, அதன் வழியாகக் காற்று சீறுகிறது. அந்தச் சீறல் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் விழும்போது மிகவும் துன்புறுத்தும், ஏனென்றால் மனிதக் காது கூர்மையாக இருப்பது அங்கேதான். அளவுக்கு மீறி உள்ளே சரித்தாலோ கதவு மூடவே அடம்பிடிக்கும், ரப்பர் கிழியும். 1990களின் பி.எம்.டபிள்யூ. 3 வரிசைக் கன்வர்ட்டிபிள்களில் இந்த இக்கட்டுக்கு அழகான தீர்வு வந்தது. கைப்பிடியை இழுத்ததும் மோட்டார் கண்ணாடியைச் சற்று இறக்கும். கதவு மூடியதும் மறுபடி ஏற்றி ரப்பர்ப் பள்ளத்துக்குள் செருகும். பழைய கார்களுக்கு அந்த வசதி இல்லை. அவற்றுக்குச் சரிவு ஒன்றே வழி.

ரப்பரும் தன் பங்குக்குக் கணக்கை மாற்றுகிறது. ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த முறையில் உருவாகும் கந்தகப் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கின்றன. விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நினைவு அதில்தான் இருக்கிறது. ஆண்டுக்கணக்காக அமுங்கியே கிடந்தால், ஆக்ஸிஜனும் வெயிலும் அமுங்கிய நிலையிலேயே புதிய பிணைப்புகளைப் போட்டுவிடும். அப்புறம் ரப்பருக்கு அமுங்கியதுதான் இயல்பான வடிவம். அப்படிச் செத்த பீடிங்கை வைத்துக்கொண்டு கண்ணாடியைச் சரிசெய்வது வீண்வேலை. முதலில் புது பீடிங் போட வேண்டும். புதியது சில வாரங்கள் முரடாகத்தான் இருக்கும், கதவை ஓங்கி மூட வேண்டிவரும். அதற்குப் பயந்து உடனே கண்ணாடியை வெளியே தள்ளிவிடக் கூடாது.

கூரையில்லாத உடல்

துணி சுற்றிவரும் அட்டைக்குழாய் ஒன்றை எடுத்துத் திருகிப் பாருங்கள். அசையாது. அதையே நீளவாக்கில் ஒரு கோடாக அறுத்துவிட்டுத் திருகினால் துணிபோல் துவளும். 5 சென்டிமீட்டர் ஆரமும் 1 மி.மீ. சுவரும் கொண்ட குழாயில் அந்த ஒற்றைப் பிளவு, முறுக்கத்தை எதிர்க்கும் திறனை 7,500இல் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. கார் உடல் அவ்வளவு எளிய குழாய் இல்லை என்றாலும் பாடம் ஒன்றே. கூரை என்பது மழைக்கு மட்டுமல்ல, பெட்டியைப் பெட்டியாக மூடிவைப்பதும் அதுதான். கூரையை எடுத்த மஸ்டாங்கில், கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிகளுக்கும் தளத்துக்கும் ஃபோர்டு கூடுதல் இரும்பு சேர்த்தது. அந்த இரும்பைத் துரு தின்றால் கார் நடுவில் தொய்கிறது. கதவின் பின்பக்க இடைவெளி மேலே நெருங்கிக் கீழே விரிகிறது. கண்ணாடி எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கிறது, எதிரே இருக்கும் கூரை ஓரம்தான் நகர்ந்துவிட்டது.

ஆகவே இந்த வேலையை ஜாக்கியில் தூக்கிய காரில் செய்யக் கூடாது. நான்கு டயரிலும் சரியான காற்று, சமதளமான தரை, கூரை ஏற்றி முன்கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டப்பட்ட நிலை. இது வசதிக்காகச் சொல்வதல்ல. ஜாக்கியில் நிற்கும் கன்வர்ட்டிபிள் வேறு வடிவத்தில் இருக்கும் கார்.

அடுத்தது கீல். மேல்கீலுக்கும் கீழ்க்கீலுக்கும் இடையே 35 சென்டிமீட்டர், கதவு நீளம் 110 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மேல்கீலின் ஆணி அரை மி.மீ. மட்டும் தேய்ந்திருந்தால், கதவின் வால்பகுதி ஒன்றரை மி.மீ.க்கு மேல் தொங்கும். அதே சுழற்சியில் கண்ணாடியின் மேல்முனை சுமார் ஒரு மி.மீ. பின்னால் போகும். அதாவது ஒரே தேய்மானம் இரண்டு குறைகளாகத் தெரியும். முன்பக்க முக்கோணக் கண்ணாடிக்கும் முன்கண்ணாடித் தூணுக்கும் நடுவே இடைவெளி விரியும், பின்பக்கம், பின்னிருக்கையை ஒட்டிய சிறிய ‘கால்பங்கு’க் கண்ணாடியோடு கதவுக்கண்ணாடி முட்டும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கண்ணாடியைத் தொடவே வேண்டாம். கதவின் வாலைக் கையால் தூக்கிப் பாருங்கள். கீலில் ‘டக்’ என்று ஓர் ஆட்டம் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

வீடு கட்டும் தச்சர் முதலில் நிலையைத் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்துவார், பிறகு கதவைத் தொங்கவிடுவார், தாழ்ப்பாளைக் கடைசியாகத்தான் அடிப்பார். இங்கும் அதே முறை. உடற்கூடு, கீல், கதவு இடைவெளி, கதவுப்பூட்டு, கூரைச்சட்டம், புதிய பீடிங் என்று வந்து, அதற்குப் பிறகே கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் பேடைக் கழற்ற வேண்டும். உள்ளே முதலில் முக்கோணக் கண்ணாடியின் சட்டத்தைத் தூணோடு ஒட்டி நிறுத்த வேண்டும், ஏனென்றால் அதன் பின்கம்பிதான் பெரிய கண்ணாடிக்குத் தடம். அதன்பின் கதவுக்கண்ணாடியின் கோணல், பிறகு உட்சரிவு, பிறகு உயரத் தடுப்பு. கால்பங்குக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் கடைசி. அது கதவுக்கண்ணாடியின் பின்விளிம்பைப் பார்த்துத் தன் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டியது. பலர் கைக்கு எளிதாக எட்டுகிறது என்று அதிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அப்படித் தொடங்கினால் வேலை இரண்டு முறை.

இது தனியாளின் வேலையும் அல்ல. கதவு மூடியிருக்கும்போதுதான் குறை தெரியும். அதை வெளியிலிருந்து ஒருவரும் உள்ளிருந்து ஒருவரும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். இரவில் வெளியே இருப்பவர் டார்ச்சைக் கண்ணாடி ஓரமாக நகர்த்தினால், உள்ளே இருப்பவருக்கு ஒளிக்கீற்று தெரியும் இடமெல்லாம் இடைவெளி. ஒளி தெரியாத இடம் சரியான இடம் என்று சொல்லிவிட முடியாது. தொட்டுக்கொண்டிருந்தாலே ஒளி மறைந்துவிடும், ஆனால் காற்றின் இழுப்பைத் தாங்க அழுத்தம் வேண்டும். அதை அறியக் காகிதம் போதும். ஒரு விரல் அகலக் காகிதத் துண்டைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே வைத்துக் கதவை மூடி, மெல்ல உருவிப் பாருங்கள். பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்தால், எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்று ஒரு வரைபடமே கையில் இருக்கும். ரப்பரில் சாக்கட்டி தடவிக் கதவை ஒருமுறை மூடித் திறந்தால், தொடும் கோடு கண்ணாடியில் பதியும். கோடு அகலமாக இருக்கும் இடத்தில் அழுத்தம் அதிகம், கோடு அறுந்த இடத்தில் தொடர்பே இல்லை.

தண்ணீர்ச் சோதனையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் முனையில் பீய்ச்சும் மூடி வேண்டாம், மெல்லிய ஓட்டம் போதும். கீழிருந்து தொடங்கி ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா ஓட்டையும் ஒரே நேரத்தில் நனையும், எது குற்றவாளி என்று தெரியாது.

இதில் நிறையப்பேர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. கதவுக்குள் தண்ணீர் இறங்குவது குறையே அல்ல. கண்ணாடியோடு வழியும் மழை வெளிப்பிளவு வழியாகக் கதவுக்குள் போய், அடியில் உள்ள வடிகால் துளைகளால் வெளியேற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கதவுப் பேடுக்குப் பின்னால் ஒட்டிய தாள்தான் காருக்குள் அது வராமல் காக்கிறது. துளைகள் சேற்றால் அடைபட்டாலும் அந்தத் தாள் கிழிந்தாலும் தரைவிரிப்பு நனையும், பழி கண்ணாடிமேல் விழும். அந்தக் கால மஸ்டாங்குகளில் இன்னொரு வழியும் உண்டு. முன்கண்ணாடிக்குக் கீழே காற்றுவாங்கும் அறை துருப்பிடித்து ஓட்டையானால், மழை நேராக முன்னிருக்கைக்காரர்களின் காலடியில் ஒழுகும். கண்ணாடியை எத்தனை முறை திருத்தினாலும் அது நிற்காது.

யாரிடம் உதவி கேட்டாலும், குறையைச் சொல்லாமல் அளவைச் சொல்லுங்கள். கதவின் முன்பக்க, பின்பக்க இடைவெளிகள் மேலே எத்தனை மி.மீ., கீழே எத்தனை மி.மீ.; வாலைத் தூக்கினால் ஆட்டம் உண்டா; காகிதம் எந்த இடத்தில் எளிதாக வந்தது; விசில் எந்த வேகத்தில் தொடங்குகிறது. இந்த நான்கு விடைகள் இருந்தால் கண்டங்கள் தாண்டி இருக்கும் அனுபவசாலிகூட எந்தப் போல்ட் என்று சொல்லிவிடுவார். ‘சரியாக மூடவில்லை’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைக்கும் முன், ஒவ்வொரு வாஷரைச் சுற்றியும் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தொழிற்சாலையில் ஒருவர் இந்தக் காருக்கென்றே பார்த்துப் பார்த்து நிறுத்திய இடம் அது. அதற்கு வேறெங்கும் பதிவு கிடையாது.